காயலான் கடையில் கிடைத்த ஜாய்ஸ்டிக்!



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாமா? உங்கள் வீட்டில் மின்விசிறி ஸ்விட்சைப் போடுகிறீர்கள், விசிறி சுழல்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு பட்டனை அழுத்துகிறீர்கள். திரையில் உள்ள வீரன் குதிக்கிறான். இந்த இரண்டு பட்டன்களுக்கும் என்ன வித்தியாசம்?

"அது சாதாரண ஸ்விட்ச், இது கம்ப்யூட்டர் சமாசாரம்" என்று சொல்லப் போகிறீர்கள்; அப்படித்தானே? என் பேரனும் அதைத்தான் சொன்னான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் சொன்னது தப்பு என்று அவனே கண்டுபிடித்த கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

போன கோடை விடுமுறையில் ஒரு நாள், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது காயலான் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு பலகை. அதன் மேல் சிவப்பு உருண்டை வைத்த ஒரு குச்சி. பக்கத்தில் எட்டு வட்டப் பட்டன்கள். அடியில் சிக்குப் பிடித்த தலைமுடி போலத் தொங்கும் ஒயர்கள்.

"சார், எங்கேயோ ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடிட்டாங்க. அங்கேயிருந்து வந்தது. நாளைக்கு இதை உடைச்சு இரும்பு தனி, பிளாஸ்டிக் தனின்னு பிரிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி தம்பிக்கு ஏதாவது உதவுமான்னு பாருங்க" என்றார்.

பேரன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தாத்தா, இதுல யூஎஸ்பி ஒயரே இல்லை. கம்ப்யூட்டர்ல எப்படி மாட்டறது? சும்மா உடைக்கக் குடுத்துடலாம்!" என்றான்.

"உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே உடைக்கச் சொல்கிறாயே! முதலில் பார்ப்போம்" என்றேன்.

ஆளுயரப் பெட்டிகள்

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, வீடியோ விளையாட்டு என்றால் ஆளுயர மரப்பெட்டிதான். காசு போட்டால் ஆடலாம். 1972ல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் குச்சியும் இல்லை, பட்டனும் இல்லை. ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைப்போமே, அதுபோல ஒரு குமிழைத் திருக வேண்டும். திரையில் மட்டை மேலும் கீழும் நகரும், பந்தைத் தட்டலாம்.

1980ல் ஜப்பானில் நாம்கோ நிறுவனம் 'பேக்-மேன்' விளையாட்டைக் கொண்டுவந்தது. தோரு இவதானி என்பவர் உருவாக்கியது. வாயைத் திறந்து திறந்து மூடும் அந்த மஞ்சள் வட்டத்தை ஓட்ட, நான்கு திசைகளில் சாயும் ஒரே ஒரு குச்சி போதும். 1991ல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'க்கோ எட்டுத் திசைக் குச்சியும், ஒருவருக்கு ஆறு பட்டன்களும் தேவைப்பட்டன. எங்களுக்கு வந்த பலகையும் இந்த இரண்டாவது ரகம். ஆறு பட்டன்கள் போக, ஆட்டத்தை ஆரம்பிக்க ஒன்று, காசுக்குப் பதிலாக அழுத்த ஒன்று.

இங்கே ஒரு சுவையான செய்தி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒயர் இணைப்பு வேறு வேறாக இருந்தால், புது விளையாட்டை மாற்றும்போதெல்லாம் பெட்டி முழுவதையும் பிரித்து ஒயர் மாற்ற வேண்டுமல்லவா? அதனால் 1985ல் ஜப்பானில் 'ஜாமா' என்ற பொது முறை வந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான். பழைய அட்டையைக் கழற்றிப் புது அட்டையைச் செருகினால், அதே குச்சியும் அதே பட்டன்களும் புது விளையாட்டுக்கு வேலை செய்யும்!

திறந்து பார்ப்போம்

பலகையைக் கவிழ்த்துப் போட்டோம். குச்சியின் அடிப்பாகத்தைச் சுற்றி, நான்கு பக்கமும் தீப்பெட்டியைவிடச் சின்னதாக நான்கு கறுப்புப் பெட்டிகள். இவற்றுக்கு மைக்ரோ ஸ்விட்ச் என்று பெயர். குச்சியைச் சாய்த்தால், அதன் அடிப்பாகம் போய் ஒரு ஸ்விட்சை இடிக்கிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். மூலைப் பக்கமாகச் சாய்த்தால் இரண்டு ஸ்விட்சுகளும் சேர்ந்து 'டிக், டிக்'. நான்கே ஸ்விட்சை வைத்து எட்டுத் திசைகள் வந்துவிட்டன, பார்த்தீர்களா!

ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் அதே போன்ற ஒரு ஸ்விட்ச்தான். ஆக, மொத்தம் 4 + 8 = 12 ஸ்விட்சுகள். வேறு ஒன்றுமே இல்லை.

"இவ்வளவுதானா தாத்தா?" என்றான் பேரன், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

இவ்வளவேதான்! விசிறி ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் சேர்கின்றன, பிரிகின்றன. இதிலும் அதுவேதான். முதலில் நான் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது அல்லவா?

டார்ச் பல்பு சொன்ன பதில்

மைக்ரோ ஸ்விட்சில் மூன்று உலோகக் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பொதுக் காது. மற்றொன்று, அழுத்தினால் மட்டும் பொதுக் காதோடு சேரும் காது. மூன்றாவது, அழுத்தாதபோது சேர்ந்திருந்து, அழுத்தியதும் பிரிந்துவிடும் காது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டர் எல்லாம் வேண்டாம். ஒரு டார்ச் செல், ஒரு பழைய டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர் போதும். செல்லிலிருந்து பல்பு வழியாக ஒரு ஒயர் ஒரு காதுக்கு. செல்லின் மறுமுனையிலிருந்து இன்னொரு ஒயர் மற்றொரு காதுக்கு. அழுத்தும்போது பல்பு எரிந்தால், நாம் தேடும் ஜோடி அதுதான். எரிந்துகொண்டிருந்த பல்பு, அழுத்தியதும் அணைந்தால், ஒரு காது மாறிவிட்டது. எப்படி அழுத்தினாலும் எரியவே இல்லையா? மூன்றாவது ஜோடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அல்லது அந்த ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்கிறது.

பேரன் நோட்டில் கட்டம் போட்டு 12 ஸ்விட்சுகளையும் சோதித்தான். 10 உடனே பாஸ்! ஒரு ஸ்விட்ச் முரண்டு பிடித்தது. பல நாள் சும்மா கிடந்ததால் உள்ளே களிம்பு ஏறியிருக்கலாம் என்று நாற்பது, ஐம்பது தடவை அழுத்தி அழுத்தி விட்டோம், பிறகு எரிந்தது. மற்றொன்று கடைசி வரை எழுந்திருக்கவில்லை. அதற்கு மட்டும் புது மைக்ரோ ஸ்விட்ச் ஒன்று வாங்கினோம். ஒரு ஸ்விட்சுக்காக முழுப் பலகையையும் உடைக்கப் போனோமே என்று அப்போது அவனே சொன்னான்.

கீபோர்டும் வகுப்பறையும்

அடுத்த கேள்வி: இந்த 12 ஸ்விட்சுகளையும் கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியவைப்பது?

பேரனுக்கு ஒரு யோசனை. "பழைய கீபோர்டு ஒன்னைப் பிரிச்சு, அதுல உள்ள எழுத்துகளுக்குப் பதிலா இந்த ஸ்விட்சுகளை இணைச்சா என்ன?" என்றான். நல்ல யோசனைதான். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால், அதில் ஒரு பேய் இருக்கிறது!

பயப்படாதீர்கள், விளக்குகிறேன். கீபோர்டில் நூற்றுச் சொச்சம் விசைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கிடையாது. வகுப்பறையில் "இரண்டாவது பெஞ்சு, மூன்றாவது ஆள்" என்று நான் அடையாளம் சொல்வது போல, கீபோர்டும் 'எந்த வரிசை, எந்தப் பத்தி' என்றுதான் விசையைக் கண்டுபிடிக்கிறது. சிக்கனமான வழி!

இப்போது ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் நான்கு விசைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் அந்த மூன்றின் வழியாகவே சுற்றிவந்து நான்காவது மூலைக்கும் பாதை போட்டுவிடும். நீங்கள் தொடாத விசை, அழுத்தியது போலத் தெரியும். ஆளே வராமல் 'உள்ளேன் ஐயா' என்று குரல் மட்டும் வந்த கதைதான்! இதைத்தான் 'பேய் விசை' என்கிறார்கள். சில கீபோர்டுகள் இதைத் தடுக்க, மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். டைப் அடிக்கும்போது இது தொந்தரவு இல்லை. ஆனால், குச்சியை மூலையில் சாய்த்தபடி பட்டனை அழுத்தினாலே மூன்று ஸ்விட்ச் ஆகிவிடுகிறதே!

அதனால் நாங்கள் வேறு வழிக்குப் போனோம். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு தனி ஒயர்.

கை தூக்கிய மாணவர்கள்

இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், 2005ல், மாணவர்கள் எளிதாக மின்னணுவியல் கற்க ஒரு சின்ன அட்டை உருவானது. பெயர் ஆர்டுயினோ. அதில் பல வகைகள் உண்டு. நாங்கள் வாங்கியது 2012ல் வெளிவந்த 'லியோனார்டோ' என்ற வகை. இதன் சிறப்பு, யூஎஸ்பி ஒயரில் மாட்டியதும் "நான் ஒரு கீபோர்டு" என்று கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்ளும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 'யூனோ' வகையின் பழைய அட்டைகள் நேரடியாக இப்படிச் செய்யாது. வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

லியோனார்டோவில் இப்படிப் பயன்படக்கூடிய 20 முனைகள் உள்ளன. நமக்கு 12 போதும். எல்லா ஸ்விட்சுகளின் பொதுக் காதுகளையும் ஒரே ஒயரால், பூத் தொடுப்பது போல ஒன்றோடொன்று கோத்து, அட்டையில் 'கிரவுண்டு' என்ற முனையில் இணைக்க வேண்டும். பழைய பலகையிலேயே இந்த ஒயர் தயாராக இருந்தது. ஸ்விட்ச் விட்டு ஸ்விட்ச் தாவிப் போகும் ஒயர் எதுவோ அதுதான். பிறகு, அழுத்தினால் சேரும் காது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தனி ஒயர், ஒரு தனி முனைக்கு. 12 + 1 = 13 ஒயர்கள். வேலை முடிந்தது!

இனி நடப்பதைக் கவனியுங்கள். 12 மாணவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்குள் இருக்கும் மின்தடை ஒன்று, ஒவ்வொரு முனையையும் 5 வோல்ட்டில் தூக்கிப் பிடித்திருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தினால், அந்த முனை கிரவுண்டோடு சேர்ந்துவிடும். கை கீழே இறங்கிவிடும். எவன் கை இறங்கியது என்று அட்டை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். "மூன்றாம் எண் இறங்கிவிட்டான். சரி, இடது அம்புக்குறி" என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போய்விடும். கை மறுபடி மேலே போனதும், "விசையை விட்டாயிற்று" என்று இன்னொரு செய்தி. தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கை அரைகுறையாக ஆடும். அழுத்தாமலே அழுத்தியதாகத் தெரியும்.

இன்னொன்று. பந்தைத் தரையில் போட்டால் நான்கைந்து முறை துள்ளிவிட்டுத்தானே நிற்கும்? ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோகத் துண்டும் சேரும்போது துள்ளும். அதெல்லாம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அட்டையின் கண்ணுக்குத் தெரியும்! ஒரு அழுத்தலை நான்கு அழுத்தலாக எண்ணிவிடும். அதனால், "முதல் தொடுதலுக்குப் பின் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் கண்ணை மூடிக்கொள்" என்று நிரலில் எழுதிவிட வேண்டும்.

மேலே தள்ளினால் கீழே போகுது!

எல்லாம் மாட்டி முடித்து, மாலை ஆறு மணிக்கு விளையாட்டைப் போட்டோம். பேரன் குச்சியை மேலே தள்ளினான். பொம்மை கீழே போனது! இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம்! இது போதாதென்று ஒரு பட்டன் யாரும் தொடாமலே சுட்டுக்கொண்டே இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல? இது உருப்படாது!" என்று குச்சியைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. 35 வருடம் வகுப்பில் நின்றவன் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்து, "பூங்காவில் சீசா ஆடியிருக்கிறாயே, ஒரு பக்கம் கீழே போனால் மறுபக்கம் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்து வந்தான். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தான். குச்சியின் நடுப்பகுதி ஒரு மூட்டில் நிற்கிறது. உருண்டையை மேல் பக்கம் தள்ளினால், அடிமுனை எதிர்ப்பக்கம் போகிறது. ஆகவே 'மேலே' என்பதற்கான ஸ்விட்ச், கீழ்ப்பக்கம் இருக்கும் ஸ்விட்ச்தான். அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்த நெம்புகோல்! அந்த நான்கு ஒயர்களையும் அடையாளம் பார்த்து மாட்டியது நான்தான். தப்பு தாத்தாவுடையது, கண்டுபிடித்தது பேரன். தானாகச் சுட்ட பட்டனிலும் காது மாறியிருந்தது. ஒயர்களை மாற்றி மாட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது.

பிள்ளைகளே, ஒரு பொருள் தப்பாக வேலை செய்கிறது என்றால் அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது நாம் சொன்னதைத்தான் செய்கிறது. நாம் என்ன சொன்னோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கவனம், கவனம்!

* பழைய விளையாட்டுப் பெட்டி முழுதாகக் கிடைத்தாலும் அதை நீங்கள் திறக்கக் கூடாது. அதிலுள்ள பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். கழற்றி எடுத்த பலகை மட்டுமே நம் வேலைக்கு.

* வீட்டு மின்சாரத்தோடு எதையும் இணைக்கக் கூடாது. யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும்.

* ஒயர் மாட்டும்போது யூஎஸ்பியைக் கழற்றிவிட வேண்டும்.

* சில பட்டன்களுக்குள் விளக்கு இருக்கும். அதற்கான ஒயரை ஸ்விட்ச் ஒயர் என்று நினைத்து அட்டையில் மாட்டிவிடக் கூடாது.

* பற்றவைப்பு வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். காதில் செருகும் கிளிப்புகளும் கடையில் கிடைக்கின்றன.

* நிரலில் பிழை இருந்தால் அட்டை நிறுத்தாமல் டைப் அடித்துக்கொண்டே இருக்கும்! ஆகவே, தனியாக ஒரு ஸ்விட்ச் போட்டிருந்தால் மட்டும் விசைகளை அனுப்பும்படி எழுதுவது நல்லது.

பெரிய பட்டனின் பெரிய வேலை

ஒரு வாரம் பேரனும் அவன் நண்பர்களும் ஆடித் தீர்த்தார்கள். 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளில் தாங்களே ஒரு விளையாட்டும் செய்தார்கள். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்கு விரல்களைத் தனித்தனியாக அசைக்க வராது. கையை முழுதாகத்தான் வைக்க முடியும். கீபோர்டில் ஒரு விசையை அழுத்தப் போனால் ஐந்து விசைகள் அழுந்திவிடும். கம்ப்யூட்டரில் கதைப் புத்தகம் படிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால், பக்கத்துக்குப் பக்கம் "அம்மா, அடுத்தது!" என்று கூப்பிட வேண்டும். அம்மா அடுப்படியில் இருந்தால் கதை பாதியில் நிற்கும்.

விளையாட்டைப் பார்க்க வந்தவள், ஒரு பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். 'டிக்!' பொம்மை குதித்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பேரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

மறுநாள் பலகையிலிருந்து இரண்டு பட்டன்களைக் கழற்றினான். ஒரு பழைய மரப்பெட்டியின் மூடியில், ஒன்றுக்கொன்று நன்றாக இடைவெளி விட்டுப் பொருத்தினான். வலது பட்டன் அடுத்த பக்கம். இடது பட்டன் முந்தைய பக்கம். அவ்வளவுதான்! அன்று சாயங்காலம் அவள் முழுக் கதையையும் தானே படித்தாள். யானைப் படம் இருந்த பக்கத்துக்கு மட்டும் ஐந்து தடவை திரும்பித் திரும்பிப் போனாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா!

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கை, கால் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்காகப் பெரிய பட்டன்கள் பல நாடுகளில் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018ல் இதற்காகவே ஒரு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் பின்புறம் வரிசையாக 19 துளைகள். அவரவர் கைக்கோ காலுக்கோ எட்டும் ஸ்விட்சை அதில் செருகிக்கொள்ளலாம். அங்கேயும் உள்ளே நடப்பது, இரண்டு உலோகத் துண்டுகள் சேர்வதும் பிரிவதும்தான்.

செய்து பாருங்கள்

ஜாய்ஸ்டிக்கும் அட்டையும் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டாக மடியுங்கள். உள்பக்கம் இருபுறமும் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை எதிரெதிரே ஒட்டுங்கள்; காகிதம் ஒட்டிய பக்கம் உள்ளே போகட்டும், பளபளக்கும் பக்கம் வெளியே தெரியட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை ஒட்டி, டார்ச் செல், பல்போடு இணையுங்கள். மடித்த அட்டையை அழுத்தினால் பல்பு எரியும், விட்டால் அணையும். உங்கள் முதல் பட்டன் தயார்!

அதைச் செய்து முடித்ததும், உங்கள் தெருவில் அந்தப் பட்டன் யாருக்கு உதவும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பலகையில் இரண்டு பட்டன்கள் இருந்த இடம் இப்போது ஓட்டையாக இருக்கிறது. "புதுசு வாங்கி மாட்டலாமா?" என்று பேரனைக் கேட்டேன். "வேண்டாம் தாத்தா, அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். 

வரட்டுமா, செல்லங்களே?